கதவுக்கு இரண்டு பக்கமும் தோரா

எனக்குக் கதை கட்டத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு நாலு வருடம் போயிருந்தால் அதிகம். வாழ்நாள் முழுக்கக் கசாப்புக்கூடத்தில் மாடு வெட்டியவன். செத்தது செத்ததுதான், எழுந்து வராது என்று கண்ணால் பார்த்தவன். பேய் என்று எவனாவது வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். மத்தேராவில் அந்தச் சனிக்கிழமை நடந்தது நடந்ததுதான். நம்பாதவன் நம்பாமல் போகட்டும், எனக்கென்ன நஷ்டம்?

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் ஆனதென்று மகள் நுன்சியா மத்தேராவில் இரண்டு நாளுக்கு அறை பிடித்துக் கொடுத்தாள். சும்மா வருவது எதையும் நான் நம்புவதில்லை. ஆனால் என் மனைவி தோரா புதுச் செருப்பு வாங்கிவிட்டாள். போகாவிட்டால் வீட்டில் இருக்க முடியாது. எங்கள் ஊர் சான் செவேரோவிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு போனோம்.

பாறையைக் குடைந்த அறை. ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. உள்பக்கம் குறுக்கே போட ஒரு கனத்த இரும்புப் பட்டை இருந்தது. அந்த ஊரில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

"காசக் குடுத்துக் கொகையில படுக்கணுமாடி?" என்றேன்.

"ஓங்கூடக் குடும்பம் நடத்துனவளுக்கு இது அரமனைய்யா."

அறைக்காரன் எவுஸ்தாக்கியோ சாவியைக் கொடுத்தான். மெலிந்த ஆள். முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான்.

"மூணு மணி ஆவப்போவுது. அஞ்சு வரைக்கும் வெளிய சுத்தாதீங்க."

"ஏன்?"

"இங்க யாரும் சுத்தமாட்டோம்."

எங்கள் ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு. மதியத் தூக்கத்து நேரத்தில் தெரு நம்முடையது இல்லை என்று அம்மாக்கள் பிள்ளைகளை மிரட்டுவார்கள். எனக்குத் தெரிந்து அது திருடர்கள் நேரம், அவ்வளவுதான்.

ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்த துணிப்பை காரிலேயே இருந்துவிட்டது. கார் மேல்தெருவில் நின்றது. எனக்கு முட்டிவலி.

"போயி எடுத்துட்டு வா."

"இந்த நேரத்துலயா?"

"ஏன், பிசாசு புடிச்சிருமா? ஒன்னப் புடிச்சா அதுக்குத்தான் கேடு."

"பல்லு போயும் ஒனக்கு வாய்க் கொழுப்பு போவல பாரு" என்று திட்டிக்கொண்டே படியேறினாள்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவு தட்டினாள். திறந்தேன். கையில் பை.

"அதுக்குள்ளயா?"

பையை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவ்வளவு படி ஏறி இறங்கியவளிடம் ஒரு பொட்டு வியர்வை வாசம் இல்லை. கவனித்தேன், ஆனால் பெரிதாக நினைக்கவில்லை. இரும்புப் பட்டையைப் போட்டேன். அது போதாதென்று அங்கே கிடந்த மரப்பெட்டியையும் இழுத்துக் கதவோடு முட்டுக் கொடுத்தேன். எங்கே போனாலும் அப்படித்தான் செய்வேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

டொக்... டொக்...

விழித்தேன். கைக்கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து.

"யோவ், தொற. கை வலிக்குது."

தோராவின் குரல்.

விளக்கைப் போட்டேன். தோரா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண் கதவின்மேல்.

"தொறக்காத" என்றாள் மெதுவாக.

"யோவ்! உள்ள யாருய்யா பொம்பளக் கொரலு?" வெளியே சிரித்தாள். "இந்த வயசுலயா?"



அப்புறம் வெளியே சிரிப்பு நின்றது. திடீரென்று...

"ஐயோ! யாரோ வர்றாங்க. தொற... தொற!"

தடார்!

கதவில் எதுவோ மோதியது. மறுபடி மோதியது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். மண்டை மரத்தில் மோதுகிற சத்தம்.

மரப்பெட்டியைத் தள்ளினேன். உள்ளே இருந்தவள் பாய்ந்து வந்து என் முதுகில் தொங்கினாள். நகம் கன்னத்தைக் கிழித்தது.

"தொறந்த... செத்த!"

அவளை உதறிவிட்டு இரும்புப் பட்டையை உருவினேன்.

கதவு திறந்தது. தோரா உள்ளே விழுந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. அதே கறுப்புச் சட்டை. அதே செருப்பு. கையில் அதே துணிப்பை, அதே முடிச்சு.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பாய்ந்தார்கள்.

யார் முதலில் பாய்ந்தது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. விளக்கு விழுந்து உடைந்தது. கதவு தானாக அடித்துச் சாத்திக்கொண்டது. கும்மிருட்டு.

மயிர் பிய்கிற சத்தம்... பல் சதையில் இறங்குகிற சத்தம்... மேசை கவிழ்ந்தது. சுவரில் யாரோ யாரையோ மோதினார்கள். ஒருமுறை... இருமுறை... சூடாக என் காலில் தெறித்தது.

என் கையில் இரும்புப் பட்டை.

யாரை அடிப்பது?

"தோரா!" என்று கத்தினேன்.

"தொனாத்தோ!" ஒரு குரல். அழுகை. "காப்பாத்துங்க... ஒங்க கால்ல விழுறேன். என்னக் காப்பாத்துங்க..."

"அடிடா அவள!" இன்னொரு குரல். "வேடிக்கையா பாக்குற, எரும!"

இரண்டும் ஒரே தொண்டை.

நாற்பது வருடத்தில் தோரா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கெஞ்சியதில்லை. மரியாதை கொடுத்ததே இல்லை.

அழுகிற குரலைப் பார்த்து ஓங்கினேன்.

மளுக்.

தோள்.

"தொனா..."

மறுபடி.

மண்டை.

மறுபடி.

சத்தமில்லை.

கதவைத் தேடி இழுத்துத் திறந்தேன். வெயில் உள்ளே வந்தது. ஒரே ஒரு தோரா மூலையில் சுருண்டு கிடந்தாள். நெற்றியில் காயமில்லை. இடது கை வீங்கியிருந்தது.

"இவ்ளோ நேரமா?" என்றாள்.

மற்றவள் இல்லை. தரையெல்லாம் ரத்தம். இழுத்துக்கொண்டு போன தடம் உள்சுவர் வரைக்கும் போய்ப் பாறையில் முட்டி நின்றது. அங்கே கதவு இல்லை, ஓட்டை இல்லை. வெறும் பாறை. கையால் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

சத்தம் கேட்டு யாரோ சொல்லிப் போலீஸ் வந்தது. இரண்டு பேர். என் கையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள்.

"அம்மா, இவரு அடிச்சாரா?"

"இவரா? ஒரு ஈய அடிக்க வக்கில்ல. வழுக்கி விழுந்தேன்."

"இவ்ளோ ரத்தமும் ஒங்க ஒடம்புலேர்ந்தா? கீறல்கூடக் காணமே?"

அவள் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள். போலீஸ்காரன் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த ஊர்க்காரன்.

எவுஸ்தாக்கியோ வாசலில் நின்றான். அவன் சட்டையைப் பிடித்தேன்.

"என்னடா எடம் இது?"

அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

"பெரியவரே, ரெண்டு பேரா வந்தீங்க. ரெண்டு பேராத்தான போறீங்க? அத்தோட விடுங்க."

அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டோம். வழியில் ஆஸ்பத்திரியில் அவள் கையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பொண்ணு. படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"எலும்புல ஒண்ணுமில்ல தாத்தா. வெறும் வீக்கந்தான்."

"அந்தத் தகடு நகரலையே?"

"எந்தத் தகடு?"

தோரா ஒருமுறை ஒலிவ மரத்து ஏணியிலிருந்து விழுந்தாள். இடது முன்கையில் எஃகுத் தகடு வைத்துத் திருகினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான்.

அவள் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். தழும்பு இருந்தது. அதே இடம், அதே நீளம்.

டாக்டர் தழும்பைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். இன்னொரு படம் எடுத்தாள்.

"தாத்தா... இந்தக் கை ஒரு நாளும் ஒடஞ்சதில்ல."

நாற்பது வருடத்தில் தோரா பயந்து நான் பார்த்ததில்லை. பயந்தால் அவள் எப்படிப் பேசுவாள், யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்... எனக்கெங்கே தெரியும்?

காரில் ஏறி உட்கார்ந்தோம். சாவியைப் போட்டேன். திருப்பக் கை வரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னய்யா மொறைக்குற?" என்றாள். "வீட்டுக்கு ஓட்டு."

ஓட்டினேன்.