பலகைக்கு மேலே போன மணிக்கம்பி

இலங்கை மலையகத்தில், கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் இஞ்சின் பக்கம் எனக்கு வேலை. கம்பி சம்பந்தப்பட்டது எது கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்னைப் பங்களாவுக்கு வரச்சொன்னார். அவர் மனைவி துரைசாணி படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். துரை விடியற்காலைப் பெரட்டுக்கு, ஆட்களை வேலைக்குப் பிரித்துவிட, போனால் மத்தியானம்தான் திரும்புவார். பங்களா நீளமான வீடு. அறையில் இருந்து கூப்பிட்டால் சமையற்கட்டுக்குக் கேட்காது. கட்டிலருகே அமுக்க ஒரு மரக்குமிழ், சமையற்கட்டில் ஒரு மின்சார மணி, இரண்டுக்கும் நடுவே கம்பி. இவ்வளவுதான் வேலை.

கம்பி சுவரில் தெரியக்கூடாது என்று உத்தரவு. அதனால் சமையற்கட்டு மூலையில் இருந்த சதுர ஓட்டை வழியாக, கூரைக்குக் கீழே அடித்திருந்த பலகைக்கு மேலே ஏறினேன். தலைக்கு மேல் தகரம், வயிற்றுக்குக் கீழே ஒல்லிப் பலகை. குறுக்குச் சட்டங்களில் மட்டும் முழங்காலை ஊன்ற வேண்டும். தவறினால் துரை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போய் விழுவேன். எலிப் புழுக்கையும் ஐம்பது வருஷத் தூசியும் மூக்கில் ஏற, நூல் சுற்றிய கம்பியைச் சட்டத்துக்குச் சட்டம் ஆணி அடித்து இழுத்துக்கொண்டு போனேன். மழை கொட்டும்போது தகரம் போட்ட கூச்சலில் என் இருமலே எனக்குக் கேட்காது.

மூன்று நாள் வேலை. மூன்று நாளும் பங்களாச் சமையல்காரர் எனக்குச் சோறு போட்டார். அதை இங்கே சொல்லியாக வேண்டும். என் மனைவி அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாயைப் பார்க்கத் திருச்சிப் பக்கம் போனவள். பயணக் கடுதாசி சரியில்லை என்று அதிகாரிகள் அவளை இலங்கைக்குத் திரும்பி வர விடவில்லை. அதற்குப் பிறகு தொழிலாளர் லயத்தில் எனக்கிருந்த ஒற்றை அறைக் காம்பராவில் நானே பொங்கி, நானே தின்று, நானே சட்டி கழுவினேன். ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க அண்ணே’ என்று ஒரு மனிதன் அகப்பையோடு பக்கத்தில் நின்றதும் வேண்டாம் என்று சொல்ல வராமல் மூன்று தரம் தட்டை நீட்டிவிட்டேன். வெட்கக்கேடுதான்.

வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து அந்தச் சமையல்காரர் ஸ்டோருக்கே வந்துவிட்டார்.

“காதே போச்சுண்ணே. தொரசாணி அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா அடிக்கிறாங்க. ஓடிப்போய் நின்னா ஒண்ணுமில்ல போங்கிறாங்க. கறி அடிப்பிடிச்சுப் போகுது. அந்தக் கம்பிய லேசா தளத்தி விட்டுருங்களேன்.”

நான் கோபக்காரன். வேறு யாராவது கேட்டிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பார். சோறு போட்ட கை கேட்டது. துரை மலையில் இருக்கும் நேரம் பார்த்துப் போய், துரைசாணி அறைக்கு நேர் மேலே இருந்த கம்பி முடிச்சை அவிழ்த்துவிட்டு இறங்கினேன். அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

நாலாம் நாள் துரையிடமிருந்து துண்டுக் காகிதம் வந்தது. மணி அடிக்கவில்லை, வந்து பார் என்று. மறுபடியும் ஏறினேன். மழை விட்டிருந்தது. அறைக்கு மேலே நெருங்கும்போது கீழேயிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘டிக்’. துரைசாணி குமிழை அமுக்குகிறார். மணி அடிக்காது என்று தெரிந்தும் அமுக்குகிறார். நான் சட்டத்தில் குப்புறப் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை தரம் என்று தெரியாது. ஊருக்கு, மனைவிக்கு நான் போட்டுக்கொண்டிருந்த, பதில் வராத காகிதங்கள்தான் நினைவுக்கு வந்தன. அழுகை வந்தது.

நான் அசைந்தது கேட்டிருக்க வேண்டும்.

“யாரு மேலே?” துரைசாணிதான். சின்ன வயதில் ஆயாவிடம் கற்ற தமிழ்.

“கம்பி வேலக்காரங்க, தொரசாணி. எலி கடிச்சிருச்சுங்க.” வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

“எலிய அடிக்க வேணாம். பகலெல்லாம் அது ஓடுறது கேக்கும். எனக்கு வேற யாரு இருக்கு?” என்றார்.

முனைகளைச் சுரண்டி, முறுக்கி, நூல் நாடாவை இறுக்கிச் சுற்றினேன். இனி நானே நினைத்தாலும் சுலபமாக அவிழ்க்க முடியாதபடி சுற்றினேன்.

“இப்ப அமுக்கிப் பாருங்க.”

தூரத்தில், சமையற்கட்டில் மணி அடித்தது. சமையல்காரரின் செருப்புச் சத்தம் வேகமாக நெருங்கி, கதவருகே நின்றது. இந்தத் தடவை துரைசாணி ‘ஒண்ணுமில்ல போ’ என்று சொல்லவில்லை.

“மேலே ஆள் இருக்கு. பாவம், தூசியில கஷ்டப்படுது. அதுக்குத் தேத்தண்ணி குடு” என்றார்.

இறங்கிச் சமையற்கட்டில் உட்கார்ந்தேன். சமையல்காரர் பாலும் சீனியும் நிறையப் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. நான் தொடாத தேத்தண்ணியில் ஆடை படிந்தது. மணி மறுபடி அடித்தது. அவர் எழுந்து ஓடினார்.