ஊசியம்மாவின் இடது கை

மோட்டார் சைக்கிளைக் கண்டுபிடித்தவரே எழுந்து வந்து, "இதை எப்படித்தான் ஓட்டுவது?" என்று கைகட்டிக் கேட்டால், பதில் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் ஊசியம்மாதான். அவள் வளைவில் திரும்பினால் காற்று ஒதுங்கி வழிவிடும். சாலைக் குழிகள் அவள் வருவதைக் கேள்விப்பட்டுத் தாமாகவே மூடிக்கொள்ளும்.

இதெல்லாம் இப்போதைய கதை. ஏழு வாரத்துக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்தே விழுந்தவள்.

ஊசியம்மாவின் வேலை, ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது. பத்தொன்பது வருடப் பழக்கம். ஊசியைக் கண்டால் கட்டிலுக்கடியில் போகிறவர்கள்கூட அவளிடம் மட்டும் கையை நீட்டுவார்கள். கூடத்தின் வேன் ஒரேயடியாகப் படுத்துவிட்டதும் முதலாளி ஒரு கியர் வண்டியை வாங்கிப் போட்டார்.

"ரெண்டு மாசத்துல லைசென்ஸ் எடுத்தா நீங்களே சுத்துக்குப் போங்கம்மா. இல்லன்னா கவுண்டர்ல உட்கார்ந்து டோக்கன் குடுங்க."

டோக்கன் கொடுப்பது அவளுக்கு ஆகாத வேலை. எந்த வீட்டில் பூனை குட்டி போட்டது, எந்தக் கிழவர் மருந்தைத் தொட்டிச் செடிக்கு ஊற்றுகிறார் என்றெல்லாம் தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்தவன் அவள் தம்பி, வெல்டர். சந்தைத் திடல் காலியாக இருக்கும் சாயங்காலங்களில் பாடம் நடந்தது.

"கிளட்ச்னா உள்ள என்னடா நடக்குது?"

"பிடிச்சா போகாது, விட்டா போகும். அவ்வளவுதான்க்கா."

"அது எனக்கும் தெரியும். உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டேன்."

விடமாட்டாள். கடைசியில் அவன் வீட்டிலிருந்து இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துவந்து, ஒன்றைச் சுழற்றி மற்றதை மெல்ல உரசிக் காட்டினான். உரசல் இறுக இறுக, சும்மா இருந்த தட்டும் சேர்ந்து சுழன்றது. அவளுக்குக் கண் விரிந்தது. அன்று முழுக்க ஆக்சிலேட்டரைத் திருகாமல், கிளட்சை நூலளவு விட்டு விட்டு வண்டி எங்கே உயிர் பெறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நரம்பு தேடுற மாதிரியே இருக்குடா! கண்ணுக்குத் தெரியல, விரலுக்குத் தெரியுது."

ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே இரண்டு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கினாள். எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும் என்று கண்டுபிடித்து, அதைச் சோதிக்க ஒருமுறை வேண்டுமென்றே குப்பைத்தொட்டியைப் பார்த்தாள். வண்டி நேரே அங்கேதான் போனது. ஆனால் நிறுத்தும்போது மட்டும் வண்டி உதை வாங்கியதுபோல் எகிறி அணைந்தது. அவள் இடப்பக்கம் சாய்ந்தாள். பதினொரு முறை.

"நிக்கிற வரைக்கும் கிளட்சைப் பிடிச்சுக்கோக்கா!"

"பிடிச்சுக்கிட்டுத்தானேடா இருக்கேன்!"

பொய்யில்லை. பிடித்திருப்பதாகத்தான் அவள் நம்பினாள்.

திடலின் சுவரில் அவள் மகள் உட்கார்ந்திருப்பாள். பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பை ஏறக்கட்டிவிட்டு, அம்மாவைக் கேலி செய்வதை முழுநேர வேலையாக வைத்திருந்தவள். அம்மாவின் ஹெல்மெட்டுக்குப் பின்னால், 'பின்னால் வருபவர்கள் கடவுளை வேண்டிக்கொள்ளவும்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். எல் போர்டோடு தெருவில் இறங்கிய இரண்டு நாளும் எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். தன் ஓட்டத்துக்குக் கிடைத்த மரியாதை என்று ஊசியம்மா பூரித்துப் போயிருந்தாள்.

பன்னிரண்டாவது விழுதலை மகள் போனில் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டுச் சிரித்தாள். ஊசியம்மா போனைப் பிடுங்கினாள். திட்டுவாள் என்று பார்த்தால், மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும்.

"இங்க பாரு, நிக்கிறதுக்கு முன்னாடியே விரல் விரியுது. ஏன்?"

"வண்டிக்கும் ரத்தம் எடுக்குற போல. கையில கட்டுன பட்டையை அவிழ்க்குற மாதிரியே இருக்கு."

மகள் நக்கலாகத்தான் சொன்னாள். ஊசியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரத்தம் எடுக்கும்போது மேல்கையில் ரப்பர் பட்டை கட்டுவார்கள். ஊசியை உருவும் முன் அதை அவிழ்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் கை வீங்கிவிடும். பத்தொன்பது வருடமாக, வேலை முடியப்போகிறது என்றால் அவள் இடது கை தானாக அவிழ்த்துவிடும். பாவம், அந்தக் கை தன் கடமையைத்தான் செய்தது.

"ஒரே கைக்கு ரெண்டு சட்டம் சொல்லித்தர முடியுமாடா?" என்று தம்பியைக் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. அதனாலேயே அவளுக்கு ஆர்வம் கூடியது.

'கால் முதல்ல, கை அப்புறம்' என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி நிறுத்தினாள். சாயங்காலத்துக்கு அறுபது தடவை. இரு பிரேக்கும் மெல்ல, இடது கால் தரையில், நியூட்ரல், பிறகுதான் கை. ஒரு வீட்டில் ரத்தம் எடுக்கும்போதும் வாய் அதையே முணுமுணுக்க, கிழவர் பதறிக் காலைத் தூக்கிக் காட்டினார். "கால்லயா எடுக்கப் போறீங்க?"

லைசென்ஸ் தேர்வு நாளில் மகள் உடன் வரவில்லை. "நீ விழுறதை இலவசமாவே நிறையப் பார்த்துட்டேன். போ போ."

எட்டு வடிவில் ஓட்டுவதை முடித்ததும் ஆய்வாளர் சொன்னார்: "கண்ணாடியில பின்னாடி பார்த்துட்டு, நேரா வந்து கோட்டுல நிறுத்துங்க."

பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தலை. மகளின் தலைதான். கண்ணை இறுக மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஊசியம்மா வண்டியை எடுத்தாள். வெள்ளைக் கோடு நெருங்க நெருங்க இடது கை அரித்தது. அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சியது. பிரேக். வேகம் குறைந்தது. கால் தரையைத் தொட்டது. வண்டி எகிறவில்லை, அணையவில்லை, குறட்டை விடும் பூனைபோல் நின்றது. பிறகு நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் கையை விட்டாள்.

ஆய்வாளர் தாளில் ஒரு டிக் போட்டு, தலைகூட நிமிராமல், "அடுத்த ஆள்" என்றார்.

ஊசியம்மா வண்டியைத் திருப்பி, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் நிறுத்தினாள். மகள் திடுக்கிட்டு எழுந்தாள்.

"சும்மா வீடியோ எடுக்கலாம்னுதான் வந்தேன்."

"போன் எங்க?"

போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. மகளின் இடது கை மட்டும், எதையோ பிடித்திருப்பதுபோல், விரல் வெளுக்க இறுகிக் கிடந்தது. ஊசியம்மா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"கிளட்சை விடுடி கழுதை. நான் எப்பவோ நிறுத்திட்டேன்."