பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போனது

இரண்டாம் படிவம், அதாவது எட்டாம் வகுப்பு, படிக்கும்வரை எனக்கு ஒழுங்காக நடக்கத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரியாது என்று கண்டுபிடித்தவர் என் அத்தை.

அப்பாவின் அக்காவான அவர் எங்களோடுதான் இருந்தார். ஜெராமுக்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. அப்பா பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அத்தை தினமும் மோட்டார் சைக்கிளில் புஞ்சாக் ஆலாம் போய், அங்கிருந்த பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கடையில் மாணவர்களுக்குச் சோறு போட்டுக் கொடுத்தார். அவர் படித்தது மூன்றாம் படிவம்வரை. ஆனால் நான் இடைநிலைப்பள்ளியில் கால் வைத்த அன்றே, நான் பல்கலைக்கழகம் போவது அவரைப் பொறுத்தவரை முடிவாகிவிட்டது. எப்படிப் போவது என்பது மட்டும்தான் பாக்கி.

அந்த விசாரணையை அவர் குழம்புக் கரண்டியும் கையுமாக நடத்தினார். தட்டை நீட்டுகிற பிள்ளைகளிடமெல்லாம் எந்த ஊர், எத்தனை பாடத்தில் ஏ, எப்படி இடம் கிடைத்தது என்று கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால் கோழித் துண்டு ஒன்று கூடுதலாக விழும். இப்படித் திரட்டிய சேதிகளை இரவுச் சாப்பாட்டின்போது எங்களுக்குப் பரிமாறுவார். நானும் அவற்றை மென்று விழுங்குவேன். கூடுதல் கணிதத்தை விடக் கூடாது என்பார், சரி. மலாய்க் கட்டுரைக்குத் தனி வகுப்பு என்பார், சரி. பள்ளி விடுமுறை என்பதே எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தையாகிவிட்டது, அதுவும் சரி.

ஒரு நாள் புதிய சேதி வந்தது. பாடங்களில் நல்ல தேர்ச்சி மட்டும் போதாதாம். புறப்பாட நடவடிக்கைக்கும் புள்ளி உண்டாம். விளையாட்டில் மாநிலம்வரை போனவர்களுக்கு அந்தப் புள்ளி நன்றாகவே ஏறுமாம்.

எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. நான் அப்போது பள்ளி வலைப்பந்துக் குழுவில் கோல் போடுகிறவள். பந்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் அதைத் தள்ளிவிடும் கணத்தில், இது விழும் என்று கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்தச் சுகத்துக்காக நான் வெயில், மழை எதையும் பார்த்ததில்லை.

“வலைப்பந்தா?” என்றார் அத்தை. “அதுல உன்ன மாதிரி எத்தன பிள்ளைங்க! ஒரு டீமுக்கு அத்தன பேரு, அதுக்கு மேல ரிசர்வு வேற. நீ எப்ப ஸ்டேட்டுக்குப் போறது? ஜாலான் காக்கில சேரு. அதுல யாருமே இல்லலா. நீயும் உன் நிழலும்தான்.”

ஜாலான் காக்கி என்றால் நடைப்போட்டி. ஓடக் கூடாது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், முன்கால் முட்டி மடங்கக் கூடாது. அப்படி வேகமாக நடந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். யாருமே சேராததற்கு அதுதான் காரணம்.

நான் அழுதேன். அப்பாவிடம் போனேன். “அக்கா விசாரிக்காமயா சொல்லும்?” என்று அவர் லோரியைக் கழுவப் போய்விட்டார். வெயிலில் கறுத்துப் போவாளே என்பது மட்டும்தான் அம்மாவின் கவலை. கடைசி நம்பிக்கையாகப் பள்ளியில் சிக்குவிடம், அதாவது எங்கள் உடற்கல்வி ஆசிரியையிடம், முறையிட நினைத்தேன். அதற்குள் அத்தை போய்ப் பேசிவிட்டிருந்தார். நடைப்போட்டிக்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த சிக்கு என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். என் எதிர்காலத்தைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். என்னிடம் கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து மாலைதோறும் தோட்டத்துச் செம்மண் சாலையில் என் ஊர்வலம் நடந்தது. வேலை முடிந்து வந்த அத்தை, குளிக்காமல்கூட, பக்கத்திலேயே மோட்டாரை உருட்டிக்கொண்டு வருவார். காணொளிகளைப் பார்த்துப் பாடம் கற்றிருந்தார். “முட்டி மடங்குது பாரு! கைய ஆட்டு! இடுப்புக்கு என்ன வெக்கம்?” என்று செம்பனை மரங்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்துவார். பழக்குலை வெட்டும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, வாத்து கத்துகிற சத்தத்தையும் சேர்த்துப் பள்ளி முழுக்க அனுப்பினான். மறுநாள் சிற்றுண்டி நேரத்தில் நான் எழுந்து நடந்த திசையெல்லாம் வாத்துகள் கத்தின.

இதை அத்தையிடம் சொன்னேன். “கத்தட்டும். யூனிவர்சிட்டிக்கு உள்ள போறப்ப அவனுங்களா வந்து கதவத் திறக்கப் போறானுங்க?” என்றார். என் வலைப்பந்து இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். அவள் கோலைத் தவறவிடும் ஒவ்வொரு முறையும் எனக்கு அத்தைமேல் ஆத்திரம் பொங்கும். அவள் கோல் போட்டால் இன்னும் அதிகமாகப் பொங்கும்.

நான்காம் படிவத்தில் மாவட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்தேன். மாநிலப் போட்டிக்குப் பெயர் போனது. இங்கேதான் எனக்கே தெரியாமல் ஒன்று நடந்துவிட்டது. எனக்கு அந்த நடை பிடித்துப்போயிருந்தது. குதிகால் தரையைத் தொட்டு, பாதம் உருண்டு, அடுத்த அடிக்கு உடல் தானாக முன்னே போகும் அந்தத் தாளம். இதை அத்தையிடம் சொல்லி அவருக்கு வெற்றியைக் கொடுப்பேனா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நடந்தேன்.

மாநிலப் போட்டிக்கு அத்தை விடுப்பு எடுத்துக்கொண்டு, அப்பாவின் பழைய காரில் என்னைக் கூட்டிப் போனார். அன்றைக்கு என் கால்கள் சொன்னபடி கேட்டன. கடைசிச் சுற்றுக்கு முன்பு நான் மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போனவளின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது. அவளைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தபோது, நடுவர் ஒருவர் குறுக்கே வந்து சிவப்பு அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பினவாம். நான் ஓடினேனாம்.

இன்றைக்கும் சொல்கிறேன், நான் ஓடவில்லை.

அழுதுகொண்டே திடலோரத்துக்கு வந்தேன். அத்தை இருக்கிறார், விடமாட்டார் என்ற தைரியம் இருந்தது. மீன்காரரிடமும் பஸ் ஓட்டுநரிடமும் மருத்துவமனைக் கவுண்டரிலும் நியாயம் கேட்டு வாதாடி வென்றவர். அவர் நடுவர்கள் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். குனிந்து, இதுவரை நான் கேட்டிராத பணிவான குரலில், மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார். இவளுக்குச் சான்றிதழ் உண்டா, இல்லையா?

கலந்துகொண்ட எல்லாருக்கும் உண்டு என்றார்கள். அத்தை நன்றி சொன்னார். இரண்டு முறை சொன்னார். என்னை நோக்கித் திரும்பி, “வா, போலாம்” என்றார்.

அந்தச் சான்றிதழ் பின்னால் உதவியது என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடிந்து மேற்கல்வி படித்து, வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்தது. அதில் என் நடைக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் சொல்ல முடியாது. முழுப் பங்கும் அதுதான் என்று அத்தை சொல்லிக்கொண்டார்.

ஆனால் அன்று காரில் எனக்கு அதெல்லாம் தெரியாது. வீட்டுக்குப் போகும் வழியில் காப்பார் ஊரைத் தாண்டினோம். அங்கே வெடித்தேன்.

“நான் ஓடல அத்த! நடந்தேன்! அவங்க பொய் சொன்னாங்க, நீங்க ஒரு வார்த்த கேக்கல. பேப்பரு குடுப்பீங்களான்னு கெஞ்சுறீங்க! அவங்களுக்கு நன்றி வேற சொல்றீங்க!”

அத்தை சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நீ நடந்தத நான் பார்த்தேன்” என்றார். “அவங்ககிட்ட சண்ட போட்டா, குடுக்கறதயும் குடுக்காம விட்டுட்டா என்ன செய்வ?”

“எனக்கு ஒண்ணும் வேணாம்!”

“உனக்கு வேணாம். சரி.”

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜெராம் மீன்கடைகள் போயின. எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் சந்து வந்தது. ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் அவர் மோட்டாரில் திரும்புகிற சந்து. கார் திரும்பவில்லை, வேகமும் குறையவில்லை. கோலசிலாங்கூர் ஆற்றுப் பாலத்தின்மேல் ஏறிய பிறகுதான் அத்தை சட்டென்று, “எங்க வந்துட்டோம்?” என்றார்.

வீட்டுக்கு வழிகூடத் தெரியாதவர் என் வாழ்க்கைக்கு வழி சொல்ல வந்துவிட்டார் என்று மனத்துக்குள் திட்டினேன். அவர் கைகள் ஸ்டியரிங்கை எப்படி இறுக்கிப் பிடித்திருந்தன என்பது என் கண்ணில் பட்டது. ஆனாலும், அந்தக் காரில் கோபமாக உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.