ஈசான மூலையில் ஹீட் பம்ப்

எழுதப் பழகிய கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அதனால் இன்று நடந்ததை மெதுவாக எழுதுகிறேன்.

கனடாவில், லவால் நகரில் எங்கள் வீட்டு ஹீட்டிங் பழுதாகிவிட்டது. பனி கொட்டுவதற்குள் புது ஹீட் பம்ப் போட வேண்டும். கோடையில் அதுவே வீட்டைக் குளிராக்குமாம். விலை சொல்ல ஒரு தமிழ்த் தம்பி வந்தார்.

"குழாய் நீளநீளத்தான் காசு ஏறும் ஐயா. வெளிப்பெட்டியை இந்த மூலையில வைச்சால் மலிவு. சூடு தாற உள்பெட்டியும் சுவருக்கு உள்பக்கமே வந்திடும்."

"அது ஈசான மூலை தம்பி! உள்ளுக்குச் சாமி அறை. அங்க வைக்கேலாது."

"அப்ப குழாய் கோயில் சாமி மாதிரி வீட்டை வீதி சுத்தித்தான் வரவேணும். காசு நல்லாக் கூடும்."

மகன் தலையில் கை வைத்தான். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

மனைவி கம்பளிச் சால்வையோடு வந்து நின்றாள்.

"இந்த வீட்டிலயே சாமி அறைதான் கூடக் குளிர். விடிய விளக்கேத்துறது நான், நீங்களில்லை. தனக்குப் பக்கத்தில சூடு வேண்டாமெண்டு பிள்ளையார் உங்களிட்டச் சொன்னவரோ?"

தம்பி சிரித்தார். பெட்டி அங்கேயே வருகிறது.

பிள்ளையார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் பெட்டியை எந்த மூலையில் வைத்தீர்கள்? அவர் சொல்வதற்கு முன் யாராவது சொல்லுங்கள்.