ஐஸ் பெட்டி இருக்கும் வீடு

இரண்டு வருடங்களுக்கு முன், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு பகல். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருந்து கடலூருக்கு பைக்கில் கிளம்பினேன். அங்கே என் தங்கைக்கு முதல் நாள்தான் தலைப்பிரசவம் ஆகியிருந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அவளுக்கு நெகட்டிவ் ரத்தம், குழந்தைக்கு பாசிட்டிவ். உடனே ஓர் ஊசி போட வேண்டும், போடாவிட்டால் அடுத்துப் பிறக்கும் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கே கிடைக்காத அந்த மருந்தை இங்கே வாங்கிக்கொண்டு போவது என் பொறுப்பு.

"சூடும் படக் கூடாது, உறையவும் கூடாது. சூடாயிட்டா கொண்டுபோயும் வேஸ்ட்" என்று சொல்லித்தான் மருந்துக் கடைக்காரர் கையில் கொடுத்தார். எனக்கா சொல்ல வேண்டும்? லீவு விட்டால் பைக்கில் ஊர் சுற்றுகிற ஆள் நான். வெயிலில் சாமான் கட்டுவது எப்படி என்று நண்பர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். சின்ன தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, நடுவில் மருந்தை வைத்து, பைக்கின் பக்கவாட்டுப் பையில் பத்திரமாகச் செருகிக்கொண்டேன்.

தவளக்குப்பத்தில் சாலை மறியல். ராத்திரி போன கரண்ட் இன்னும் வரவில்லை என்று ஜனங்கள் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கடற்கரைப் பக்கமாகப் போகும் உள்ரோட்டில் வண்டியைத் திருப்பினேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், பின்சக்கரம் பஞ்சர்.

இறங்கிப் பையைத் தொட்டால் கை சுட்டது. கறுப்புப் பை, அதுவும் சைலன்சருக்கு நேர் மேலே. வகுப்பெடுத்த வாத்தியாருக்கு அது தோன்றவே இல்லை. பெட்டிக்குள் ஐஸ் எல்லாம் தண்ணீர். மருந்து அட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், ஏதோ கொஞ்சம் குளிர்ச்சி மிச்சமிருந்தது.

பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. அங்கேயும் கரண்ட் இல்லை. மீன்பிடி தடைக்காலம் என்பதால் குப்பத்தில் ஐஸும் வருவதில்லை. "எங்கயாவது ஒரு ஐஸ் பெட்டி இருக்குமாண்ணே?" என்று கெஞ்சினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டார். "ஐஸ் பொட்டியா? அதோ ஜெனரேட்டர் சத்தம் கேக்குது பாருங்க, அந்த வீடுதான். போங்க."

மீன் வியாபாரி வீடு போல என்று நினைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆட்கள் இருந்தும் பேச்சே இல்லை, ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. யாரோ வழிவிட, உள்ளே போய்விட்டேன்.

கூடத்தின் நடுவில் ஐஸ் பெட்டி. கண்ணாடி மூடிக்குள் மாலை போட்டுக்கொண்டு ஒருவர் படுத்திருந்தார்.

திரும்பி ஓடிவிடலாம் என்றால் கையில் மருந்து. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து, "இன்னா தம்பி? நீ யாரு?" என்றார். செத்தவரின் மனைவி. உளறிக் கொட்டினேன். தங்கை, குழந்தை, ஊசி, சைலன்சர், பஞ்சர் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்க வந்ததை மட்டும் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது?

அந்த அம்மா என் கையையே பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற தன் தம்பியிடம், "மூடியத் தூக்குடா" என்றார்.

"அக்கா, பச்ச ஒடம்புக்காரிக்குப் போற மருந்து. இதுலயா?"

"ஆயுசு பூரா வண்டியில ஐஸ் பொட்டி கட்டி மீன் வித்த மனுஷன். இன்னிக்கு அவரே அதுக்குள்ள படுத்துட்டாரு. அவரு வேணான்னா சொல்லப் போறாரு? தூக்கு."

உறைந்துவிடக் கூடாது என்று மருந்தை என் துண்டில் சுற்றினேன். மூடி திறந்ததும் குளிர்ந்த காற்றும் பன்னீர் வாசனையும் முகத்தில் அடித்தன. கால்மாட்டில், இடது ஓரமாக வைத்தேன். கை பட்டும் படாமலும் அந்தப் பாதத்தில் உரசியது. அந்தக் குளிர்ச்சி தோள்வரை ஏறியது.

அந்த அம்மாவின் தம்பி பஞ்சர்காரருக்கு போன் போட்டுவிட்டு, என் வண்டியைப் பார்க்கப் போனார். நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் வருவதற்காகக் காத்திருந்தார்கள். அழுது ஓய்ந்த வீடு. என்னையும் சொந்தம் என்று நினைத்து ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

திடீரென்று ஜெனரேட்டர் நின்றது. பெட்டியின் ரீங்காரமும் நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் பெட்டியைப் பார்த்தார்கள். கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்து முகத்தை மறைத்திருந்தது. அவர் வாய்க்கு நேராக மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு ஆவி விலகித் தெளிவாக இருந்தது. யாரோ உள்ளிருந்து ஊதியதுபோல. எனக்கு ரோமம் குத்திட்டு நின்றது. 'ஐயா, கொஞ்ச நேரம் பார்த்துக்கங்க' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அது மருந்துக்காகவா, பயத்திலா என்று இன்றுவரை தெரியாது. டீசல் ஊற்றி ஜெனரேட்டரை மறுபடி ஓட்டினார்கள்.

வண்டி ரெடி என்று ஆள் வந்தது. மூடியைத் தூக்கினார்கள். கால்மாட்டில், இடது ஓரத்தில் துண்டு இல்லை. கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டியிருந்த அந்த இரண்டு பாதங்களுக்கும் நடுவில், இடுக்கிப் பிடித்தாற்போல் இருந்தது. பெட்டியின் அதிர்வில் நகர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுக்கும்போது லேசாக இழுக்க வேண்டியிருந்தது.

அந்த அம்மா புருஷனுடைய மீன் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கழுவிக் காயவைத்த பெட்டி. மருந்தை அதில் வைத்து, ஈரச் சாக்கைச் சுற்றி, வாசலுக்கு வந்துவிட்ட வண்டியின் சீட்டில் கட்ட எடுத்துப் போனார் அவர் தம்பி. "சைலன்சர் பக்கம் கட்டுவியா? அவரு பாத்தா திட்டியிருப்பாரு" என்று அந்த அம்மா சொன்னபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவசரத்தில் கையெடுத்துக் கும்பிட்டு, "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

சாவு வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை. கூடமே திரும்பி என்னைப் பார்த்தது.

அந்த அம்மாதான் பேசினார். "ஆமா, வா. பொட்டியத் திருப்பிக் குடுக்கணும்ல."

கடலூரில் நர்ஸ் மருந்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இந்த வெயில்ல இவ்ளோ ஜில்லுன்னு இருக்கே! எங்க வச்சிருந்தீங்க?"

அட்டையில் ஒரு ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒருத்தர்கிட்ட குடுத்து வச்சிருந்தேன்" என்றேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, சொன்னபடியே பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த வருடம் தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது, கொழுகொழுவென்று ஒரு பெண். மருந்து எங்கே இருந்து வந்தது என்று தங்கைக்கு இன்னும் சொல்லவில்லை. சில நாள் அந்தக் குழந்தையின் பாதம் ஜில்லென்று இருக்கும். அவள் பதறிக்கொண்டு சாக்ஸ் தேட ஓடுவாள். அவள் வரும்வரை அந்தப் பாதங்களை என் கைக்குள் பொத்திக்கொண்டு, பேர்கூடத் தெரியாத அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.