எந்தத் தலைப்பின் கீழ்

கொரோனா அடங்கிச் சில வருடங்கள் கழித்து, அது எந்தச் சமுதாயத்தாரை எவ்வளவு அதிகமாகப் பாதித்தது என்று ஆராய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. அதன் முழுப் பெயர் ஒரு கோப்பின் முகப்பில் அடங்காது. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு 'ஆணையம்' என்று மட்டும் எழுதி ஒட்டிவிட்டேன். அது திருநெல்வேலிக்கு வந்தபோது, சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்ய என்னைப் போட்டார்கள். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் எனக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கி. கழுத்துவலி வேறு. யாராவது இளவட்டத்தைப் போடக் கூடாதா என்று கேட்டேன். தமிழில் பிழை விடாத ஆள் நீங்கள்தான் என்றார்கள். முப்பது வருடம் பிழை விடாமல் இருந்ததற்கு அப்படி ஒரு தண்டனை.

ஆணையத்தார் குளிர்சாதன அறையில் உட்கார்ந்தார்கள். சாட்சி சொல்ல வந்தவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். சமமற்ற பாதிப்பைப் பற்றி விசாரிக்க வந்த இடத்தில் இப்படியா என்று நினைத்துக்கொண்டேன்.

பீடி சுற்றுகிறவர்கள், வளைகுடாவில் வேலை போய்த் திரும்பியவர்கள், பத்தமடைப் பாய்க்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். முதல் நாள் ஒவ்வொருவரும் பேசும்போது எனக்கு மனசு வலித்தது. இரண்டாம் நாள் விரல் மட்டும் வலித்தது. எல்லா வாக்குமூலமும் 'இழப்பீடு கோருகிறார்' என்றே முடிந்ததால், அந்த வரியை ஒரே விசையில் வருகிறமாதிரி கணினியில் வைத்துக்கொண்டேன். வேலை சுளுவாயிற்று. அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் மேலப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். பீடி சுற்றிச் சுற்றி ஆட்காட்டி விரலின் நுனி மழுங்கியிருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அழாமல் கொள்ளாமல் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரவுஹளுக்கு மூச்சு முட்டுச்சு சார். ஆசுபத்திரியில சேத்தோம். மறுநாள் மவுத்தாயிட்டாஹ. கொரோனா மாதிரி இருக்கு, மையத்த வீட்டுக்குத் தர முடியாதுன்னுட்டாங்க. பிளாஸ்டிக்ல சுத்தி நேரா மையவாடிக்குக் கொண்டுபோயி குழியில இறக்கிட்டாங்க. குளிப்பாட்டல. மொகத்தக்கூடப் பாக்கல. சரி, நோய் அப்படி, யாரக் குத்தம் சொல்ல? ஆறு மாசம் கழிச்சுச் சான்றிதழ் வருது. அதுல மாரடைப்புன்னு எழுதிருக்கு."

ஆணையத்தின் தலைவர் பணி ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. "உங்க கோரிக்கை என்னம்மா?" என்று கேட்டார்.

"கொள்ளை நோயில போனவங்க ஷஹீதுன்னு பள்ளிவாசல் ஆலிம்சா சொன்னாங்க சார். அல்லா பாதையில உயிரக் குடுத்தவங்க மாதிரி. அந்த நேரத்துல குளிப்பாட்ட வழியில்லாமப் போனா வீட்டாள் மேல குத்தமில்லையாம். ஆனா மாரடைப்புன்னா? குளிப்பாட்ட வேண்டிய மையத்த அப்படியே மண்ணுக்குள்ள வச்சிட்டுல்லா வந்திருக்கேன். ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு உறக்கம் வரமாட்டேங்கு."

இறந்தவரைக் குளிப்பாட்டித் தொழுது அடக்குவது இஸ்லாமியர்களில் உயிரோடு இருப்பவர்களின் கடமை. அதுவரைக்கும் எனக்கும் தெரியும். ஒரு சான்றிதழில் இருக்கும் ஒரு சொல், அந்தக் கடமையில் ஒருவர் தவறினாரா இல்லையா என்று தீர்ப்பு சொல்லும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. அவருக்கும் அலுத்துப் போயிருந்தது. "சான்றிதழைத் திருத்துற அதிகாரம் எங்களுக்கு இல்லம்மா. நாங்க ஆராய்ச்சிதான் பண்றோம். உங்க வேதனையைப் பதிவு பண்ணிக்கறோம்" என்றார்.

வாக்குமூலத்தை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. வாசித்தேன். கடைசி வரி, 'இழப்பீடு கோருகிறார்.' விரல் அதன் பாட்டுக்கு அந்த விசையைத் தட்டியிருக்கிறது.

"நான் அதக் கேக்கலியே சார்" என்றார் அந்த அம்மா.

எனக்குக் காது சுட்டது. அதை அழித்துவிட்டு, 'தம் கணவர் எதனால் இறந்தார் என்று தெரிவிக்கக் கோருகிறார்' என்று அடித்தேன். அதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

கடைசி வாரம் வாக்குமூலங்களைப் பின்னிணைப்புக்காகப் பிரித்தோம். சாவு நடந்த வீட்டார் சொன்னதற்கு இரண்டு தலைப்புகள்: 'தொற்றால் இறந்தோர் குடும்பத்தினர்', 'பிற காரணங்களால் இறந்தோர் குடும்பத்தினர்'. மேலப்பாளையத்து அம்மாவுடையதை எதில் சேர்க்க என்று தலைவரிடம் கேட்டேன். அவர் நிமிராமலே, "சான்றிதழ்ல இருக்கறபடி பிரிச்சுடுங்க" என்றார்.

பிரித்துவிட்டேன். பிற காரணங்களில் போட்டேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கொரோனா என்று சொல்லி அந்த மனிதரைப் பிளாஸ்டிக்கில் சுற்றியது அரசாங்கம். மாரடைப்பு என்று எழுதியதும் அதே அரசாங்கம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அது யாருக்காவது அனுமதி கொடுத்திருக்கிறதா? இல்லை. இருந்தும் அந்த அம்மாவின் பக்கத்தை வெட்டி முதல் தலைப்பின் கீழ் ஒட்டினேன். என் சர்வீஸில் மேலதிகாரி சொல்லாமல் ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்தியதில்லை. தலைவர் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார், ஒன்றையும் வாசிக்கவில்லை. யாருமே எதையும் வாசிப்பதில்லை என்று வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தவன், அன்றைக்கு அதனால்தான் தப்பித்தேன்.

அறிக்கை அச்சாகி வந்ததும் முதல் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் நகலெடுத்துக்கொண்டு மேலப்பாளையத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். அந்த அம்மா மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். தலைப்பை எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தார்.

"தொற்றுன்னா கொரோனாதான?"

"ஆமாம்மா."

"இது நீங்களா போட்டதா, அவங்க போட்டதா?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. நான் போட்டது என்றால் அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. முதல் பக்கத்தில் இருந்த கோபுர முத்திரையின் மேல் விரலை வைத்து, "அரசாங்கம் போட்டதும்மா" என்றேன்.

அவர் சுளவை இறக்கிவைத்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அந்த நோயின் பெயரை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேனோ தெரியாது. அதைக் கேட்டு ஒருவர் இறைவனைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆணையத்தின் முன்னால் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார்.

"இன்னைக்குத்தான் அவுஹள அடக்கின மாதிரி இருக்கு" என்றார்.

குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அந்த மனிதர் எதனால் இறந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.