சமையலறையையும் பதிவுசெய்த மைக்

கனடாவில் தம்பி புது வீடு குடிபுகும் நாளுக்கு ஒரு பக்திப் பாட்டுப் பாடி அனுப்பும்படி அவன் மனைவி கேட்டிருந்தாள். ஆட்கள் முன் பாட எனக்குக் கூச்சம். கொட்டாஞ்சேனை வீட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஆர்மோனியம் வாசித்து, புது மைக்கில் பாடினேன். மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் மைக் என்பதில் எனக்குப் பெருமை.

அனுப்பும் முன் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். பாட்டின் நடுவில், சமையலறையில் கணவர் மகளிடம் சொன்னது தெளிவாகப் பதிந்திருந்தது: "பாட்டு வேணுமெண்டாத்தான் உன்ர மாமிக்கு எங்கட நினைப்பு வரும்."

அது போயிருந்தால் தம்பி குடும்பத்துடன் உறவே முறிந்திருக்கும்.

மைக் வாங்கிய புறக்கோட்டைக் கடையில், வீட்டுச் சத்தமெல்லாம் பதிகிறது என்று மட்டும் சொன்னேன்.

"மைக்கில பிழை இல்ல அக்கா, அதுக்குக் காது கூட, எல்லாத்தையும் கேட்டிடும்," என்று கடைக்காரர் சிரித்தார். "டைனமிக் மைக் எடுங்கோ. கிட்ட வாற சத்தத்தைத்தான் நல்லாப் பிடிக்கும். பாட்டுக்கும் ஆர்மோனியத்துக்கும் ஒண்டே போதும்."

அதை வாங்கி, மறுபடி பாடி அனுப்பினேன். இப்போது முழுதாகக் கேட்காமல் எதையும் அனுப்புவதில்லை.

ஆனாலும் கணவர் சொன்னது மனதில் நின்றது. நானாகத் தம்பி மனைவிக்குக் கடைசியாக எப்போது அழைத்தேன்? ஞாபகமே வரவில்லை. இப்போது ஞாயிறுகளில் காரணம் எதுவும் இல்லாமல் நானே அழைக்கிறேன். போன ஞாயிறு கணவர் பக்கத்தில் வந்திருந்து, "போனைத் தாரும், நானும் ஒருக்காக் கதைக்கிறன்," என்று கையை நீட்டினார்.